கால்குலேட்டர் கிட் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சென்னை கொருக்குப்பேட்டையில் என் ரிப்பேர் மேசைக்கு மிக்ஸிக்கும் ரிமோட்டுக்கும் நடுவே அடிக்கடி வந்து சேர்வது, பிள்ளைகள் தாங்களே ஈயம் வைத்துச் செய்த கால்குலேட்டர் கிட். பள்ளிக் கண்காட்சிக்கு, பாலிடெக்னிக் பிராஜெக்டுக்கு என்று வாங்குகிறார்கள். கொண்டு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஐசி போயிடுச்சுண்ணே." கணக்குப் போடும் சிப்பான அந்த ஐசி போயிருக்காது. ஈயம் ஒட்டாத ஒரு கால், திருப்பி வைத்த ஒரு பாகம், தீர்ந்துபோன ஒரு பட்டன் செல், அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதனால் காசு செலவாகாத சோதனையை முதலிலும் ஐசியைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

சந்தையில் கிடைக்கும் கிட்டுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்றில் சிவப்பாக எரியும் எல்இடி எண்கள், மற்றதில் 16 எழுத்து, 2 வரி கொண்ட 1602 எல்சிடி. உள்ளே இரண்டுக்கும் கட்டமைப்பு ஒன்றேதான்: புரோகிராம் ஏற்றிய ஒரு ஐசி, பதினாறு பதினேழு புஷ் பட்டன், கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு டிஸ்ப்ளே.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

பேட்டரியைக் கழற்றுங்கள். ஐசி, அதைச் செருகும் பேஸில் (சாக்கெட்டில்) உட்கார்ந்திருந்தால் அதையும் நெம்பி எடுத்து வையுங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் ஒழுங்காக இருக்காது. சால்டரிங் அயர்ன் முனையில் லேசாகக் கசியும் கரண்ட் பலகைக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், ஐசிக்குச் செய்யும்.

பிறகு பலகையின் ஈயப் பக்கத்தை மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். கண்ணில் படாதது அதில் படும். நல்ல ஜாயிண்ட் பளபளப்பாக, காலைச் சுற்றிக் கூம்பாக ஏறியிருக்கும். கெட்டது ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும், அல்லது மங்கலாகக் காலைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரியும். டிரை சால்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

சந்தேகம் வந்த ஜாயிண்டை மட்டும் தொடுங்கள். "எல்லாத்தையும் ஒரு தடவை ஹீட் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பலகையில் முதலில் இருந்த கோளாறோடு பலகையில் ஈயம் பிடிக்கும் செப்பு இடமான பேட் இரண்டு பெயர்ந்ததும் சேர்ந்திருக்கும். 25 வாட் அயர்ன் போதும். சூடு குறைக்கிற வசதி இருந்தால் 320 முதல் 350 டிகிரி. முனையைக் காலும் பேடும் சேரும் இடத்தில் வைத்து, ஈயத்தை எதிர்ப்பக்கத்தில் இருந்து கொடுத்து, இரண்டு மூன்று நொடியில் எடுத்துவிட வேண்டும். ஈயம் 60/40 வாங்குங்கள், 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். கிட்டோடு சுருட்டி வரும் ஈயக் கம்பியை நான் நம்புவதில்லை, அதில் பாதிக்கு உள்ளே ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸே இருக்காது.

காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கவர் பிரித்துப் பல மாதம் கிடந்த கிட்டில் பாகங்களின் கால் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பின் மேல் ஈயம் பிடிக்காது. உப்புத்தாளாலோ பிளேடின் முதுகாலோ லேசாகச் சுரண்டி, கொஞ்சம் ஃபிளக்ஸ் தொட்டுக்கொண்டு வையுங்கள்.

## ஒன்றுமே வரவில்லை, எந்த உயிரும் இல்லை

### செல்லில் தொடங்குங்கள்

சிஆர்2032 புதிதாக இருந்தால் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஆனால் தனியாக வைத்து அளப்பதில் பயன் இல்லை. பழைய செல்லும் அப்படியே 3 காட்டும், லோடு கொடுத்ததும் விழுந்துவிடும். கால்குலேட்டரில் போட்டு, ஆன் செய்த நிலையில் அளவுங்கள். 2.5-க்குக் கீழே போனால் அந்தச் செல்லைத் தூக்கிப் போடலாம். பெட்டிக்கடையில் தொங்கும் அட்டையில் பழைய சரக்கு நிறைய, வேகமாக விற்பனையாகும் வாட்ச் கடையில் வாங்குங்கள்.

அளவு எண்ணையும் பாருங்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025-க்கும் அகலம் அதேதான், தடிமன் 2.5. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிடுவார். ஹோல்டரில் உட்காரும், ஆனால் அடியில் படாது.

பல கிட்டுகளில் ஹோல்டரின் அடியில் தகடு இருக்காது. பலகையில் இருக்கும் வட்டமான பேட்தான் மைனஸ். ஹோல்டரை வைத்து ஈயம் போடுவதற்கு முன்பே அந்த வட்டத்தில் மெல்லியதாக ஈயம் பூசி மேடாக்க வேண்டும். அதை விட்டவர்களுடைய கால்குலேட்டர் அமுக்கிப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். யுஎஸ்பி வசதி உள்ள கிட்டாக இருந்தால் வேலை சுலபம். செல்லை எடுத்துவிட்டு மொபைல் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். ஓடினால் கோளாறு செல்லிலோ ஹோல்டரிலோதான், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

### செல்லில் வோல்ட் இருக்கிறது, ஐசிக்கு வரவில்லை

ஐசியின் சப்ளை கால்களில் அளவுங்கள். 40 கால் உள்ள 8051 வகை என்றால் 40-ஆவது கால் பிளஸ், 20-ஆவது கால் மைனஸ். 28 கால் ஏடிமெகா328 என்றால் 7 பிளஸ், 8 மைனஸ். வேறு ஐசி என்றால் கிட்டோடு வந்த தாளில் படம் இருக்கும். பேஸின் காலில் வோல்ட் இருக்கிறது, ஐசியின் காலில் இல்லை என்றால் ஐசி சரியாக அமரவில்லை. எதிலுமே இல்லை என்றால் ஆன்/ஆஃப் சுவிட்ச், பிறகு சப்ளை வரியில் இருக்கும் டயோடு. டயோடின் வெள்ளிக் கோடு பலகையில் வரைந்த கோட்டின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி வைத்திருந்தால் கரண்ட் போகவே போகாது.

### ஐசி காலில் வோல்ட் இருக்கிறது, ஆனாலும் மௌனம்

இங்கேதான் எல்லோரும் ஐசியைக் குறை சொல்லத் தொடங்குவார்கள். பொறுங்கள்.

ஐசியின் வெட்டு, பேஸின் வெட்டு, பலகையில் அச்சிட்ட வெட்டு, மூன்றும் ஒரே திசையில் இருக்கிறதா? பேஸைத் திருப்பி ஈயம் வைத்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். பேஸை அப்படியே விட்டுவிட்டு, ஐசியைப் பலகையில் அச்சிட்ட படத்துக்கு ஏற்றபடி போட்டால் போதும்.

அடுத்தது, உள்பக்கமாக மடங்கிய கால். புதிய ஐசியின் கால்கள் கொஞ்சம் அகன்று வரும். அப்படியே அழுத்தினால் ஏதோ ஒரு கால் உள்ளே மடங்கி ஐசியின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஐசியை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூக்குச் சாமணத்தால் நிமிர்த்தி, இரண்டு வரிசையையும் மேசையில் சாய்த்து அழுத்தி நேராக்கிப் போடுங்கள். ஒரே காலை மீண்டும் மீண்டும் மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

பிறகு ஐசிக்குத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல். உலோக டப்பா மாதிரி 12.000 என்றோ 16.000 என்றோ எழுதியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் சின்ன செராமிக் கெபாசிட்டர் இரண்டு இருக்கும், மேலே 22, 30, 33 என்று ஏதாவது இருக்க வேண்டும். அந்த இடத்தில் 104 என்று எழுதியது இருந்தால் கோளாறைப் பிடித்துவிட்டீர்கள். 104 என்பது 0.1 மைக்ரோஃபாரட், அதன் வேலை சப்ளை வரியில். கிரிஸ்டல் பக்கம் போனால் ஐசி துடிக்கவே துடிக்காது. இரண்டையும் இடம் மாற்றி வைத்த பலகை எனக்குப் பழகிப்போன ஒன்று. கிரிஸ்டலே இல்லாத கிட்டும் உண்டு, ஐசிக்குள்ளேயே கடிகாரம் இருக்கும். பலகையில் இடம் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

8051 வகையில் 9-ஆவது கால் ரீசெட், அதாவது ஐசியைத் தொடக்கத்துக்குத் திருப்பும் கால். ஓடும்போது அதில் கிட்டத்தட்ட 0 வோல்ட் இருக்க வேண்டும். சப்ளை அளவுக்கு வோல்ட் நிற்கிறது என்றால் ஐசி ரீசெட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இருக்கும் ரெசிஸ்டரின் ஜாயிண்டையும், எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் திசையையும் பாருங்கள். ஏடிமெகாவில் இது நேர்மாறு, 1-ஆவது காலில் சப்ளை வோல்ட் இருந்தால்தான் ஓடும்.

## எல்சிடியில் வெளிச்சம் வருகிறது, எழுத்து வரவில்லை

### வெறும் வெளிச்சம், ஒன்றுமே தெரியவில்லை

பலகையில் திருகக்கூடிய சின்ன பிரிசெட் ஒன்று இருக்கும். சின்ன ஸ்குரூடிரைவரால் மெல்ல ஒரு முனையில் இருந்து மறு முனை வரை திருகுங்கள். அநேகருக்கு இதோடு முடிந்துவிடும். எழுத்து எல்லாம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், கான்ட்ராஸ்ட் இல்லாமல் தெரிந்திருக்காது. திருகியும் மாற்றம் இல்லை என்றால் எல்சிடியின் 3-ஆவது காலில் அளவுங்கள். 5 வோல்ட் எல்சிடிக்கு அங்கே 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எழுத்து தெரிய ஆரம்பிக்கும். சப்ளையே 3 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் பிரிசெட்டை எப்படித் திருகினாலும் பயன் இல்லை, 5 வோல்ட் எல்சிடிக்கு அது போதாது.

### மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள்

எல்சிடிக்குச் சப்ளை வந்துவிட்டது, ஐசி அதோடு பேசவில்லை. ஐசியே ஓடாமல் இருக்கலாம், அப்படியானால் மேலே சொன்ன கிரிஸ்டல், ரீசெட் சோதனைக்குப் போங்கள். இல்லை என்றால் நடுவில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. எல்சிடியின் 4, 5, 6 ஆகிய மூன்று கால்கள்தான் முக்கியம். 5-ஆவது காலைப் பெரும்பாலும் மைனஸில் நேராகச் சேர்த்திருப்பார்கள். 4-உம் 6-உம் ஐசிக்குப் போகும். மீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, எல்சிடியின் காலில் ஒரு முனை, ஐசி பேஸின் காலில் ஒரு முனை என்று வைத்தால் பீப் வர வேண்டும்.

எல்சிடியையும் பலகையையும் சேர்க்கும் 16 ஊசி ஹெடரில் இரண்டு பக்கமும் ஈயம் போட வேண்டும். பலகைப் பக்கம் போட்டுவிட்டு, எல்சிடிப் பக்கம் சும்மா செருகி விட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செருகினால் நிற்பதால் ஈயம் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

### எழுத்து குழம்பிய குறியாக வருகிறது

7 முதல் 14 வரையான டேட்டா கால்களுக்கு இடையே ஈயப் பாலம் இருக்கும். சில கிட்டில் 11 முதல் 14 வரை நான்கை மட்டுமே பயன்படுத்தியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கால்களில் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே போங்கள், பீப் வந்தால் அதுதான். செப்புப் பின்னலான விக் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

8051 வகைப் பலகையில் கறுப்பாக நீளமாக, 9 கால் வரிசையோடு ஒரு ரெசிஸ்டர் கட்டு இருக்கும். அதன் ஒரு ஓரத்தில் புள்ளி ஒன்று உண்டு. அந்தப் புள்ளிதான் பொதுக் கால், பலகையில் சதுர பேட் உள்ள பக்கம் போக வேண்டும். திருப்பி வைத்தாலும் உள்ளே போய்விடும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. டிஸ்ப்ளேயோ பட்டனோ விநோதமாக நடந்துகொண்டால் இந்தப் புள்ளியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

## எல்இடி எண்களில் கோடு குறைகிறது

எல்லா இடத்திலும் 8 அடித்துப் பாருங்கள். 8-இல்தான் ஏழு கோடும் எரியும். இனி எங்கே குறைகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

எல்லா எண்ணிலும் ஒரே கோடு குறைகிறது. உதாரணமாக எல்லா 8-இலும் நடுக்கோடு இல்லை, எல்லாம் 0 மாதிரி தெரிகிறது. அந்தக் கோட்டுக்கான ஒயர் எல்லா எண்ணுக்கும் பொது. அதற்கான ரெசிஸ்டரின் இரண்டு ஜாயிண்டையும் பாருங்கள், பிறகு டிஸ்ப்ளேயின் கால், பிறகு ஐசியின் கால்.

ஒரு எண் முழுக்க இருட்டு, மற்றவை சரி. அந்த எண்ணின் பொதுக் கால் அல்லது அதை இயக்கும் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கம் பலகையில் வரைந்த வடிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். 8050, 8550 இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றே போல இருக்கும், ஒன்று என்பிஎன், இன்னொன்று பிஎன்பி. இரண்டும் கலந்து வரும் கிட்டில் எண்ணைப் படித்து வையுங்கள்.

ஒரே எண்ணில் ஒரே ஒரு கோடு மட்டும் இல்லை. டிஸ்ப்ளேயே பழுது. ஜாயிண்டைத் தேடிப் பலன் இல்லை, ஏனென்றால் அந்தக் கோட்டின் காலும் வேலை செய்கிறது, அந்த எண்ணின் காலும் வேலை செய்கிறது. பெரும்பாலும் அதிக நேரம் சூடு காட்டியதால் உள்ளே அறுந்திருக்கும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக இருக்கும் பலகை என்றால் இதற்கு விதிவிலக்கு, அந்த எண்ணின் அந்தக் காலை ஒரு முறை பார்க்கலாம்.

ஒரு கோடு மட்டும் மங்கல். ரெசிஸ்டர் மாறிப்போயிருக்கிறது. நீல உடம்பு கொண்ட ஐந்து பட்டை ரெசிஸ்டரில் இந்தக் குழப்பம் சகஜம். 1 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. 10 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. நீல நிறத்தின் மேல் பழுப்பும் சிவப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகவே தெரியும். போதாததற்கு இரண்டு ஓரமும் பழுப்பு என்பதால் எந்தப் பக்கம் இருந்து படிப்பது என்றும் தெரியாது, 10 கிலோ ஓமைத் திருப்பிப் படித்தால் 120 ஓம் என்று வரும். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிடுவதே நல்லது.

எல்லாமே மங்கல். செல்தான். சிஆர்2032 சில மில்லி ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்தது. ஆறு எண்ணும் 8 ஆக எரியும்போது அதற்கு மூச்சு வாங்கும். கண்காட்சியில் நாள் முழுக்க எரிய வேண்டும் என்றால் யுஎஸ்பி சப்ளையில் வையுங்கள்.

எண்கள் தலைகீழாகவும் அர்த்தமில்லாமலும் எரிந்தால் டிஸ்ப்ளேயையே திருப்பி வைத்திருக்கிறீர்கள். தசமப் புள்ளி கீழே வர வேண்டும். 12 கால் டிஸ்ப்ளேயைக் கழற்றுவது எளிதல்ல. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

## பட்டன் கோளாறுகள்

வரும் கிட்டுகளில் பெரும்பங்கு இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர் கிடையாது. படுக்கை வரிசைக்கு ஒரு ஒயர், நெட்டு வரிசைக்கு ஒரு ஒயர், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பட்டன். இதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் பட்டன்களைக் கட்டமாக வரைந்து, வேலை செய்யாதவற்றில் பெருக்கல் குறி போடுங்கள். குறிகள் விழும் வடிவமே பதிலைச் சொல்லிவிடும்.

### ஒரே ஒரு பட்டன் வேலை செய்யவில்லை

அந்தப் பட்டனின் ஜாயிண்ட். நான்கு காலில் இரண்டிரண்டு உள்ளுக்குள்ளேயே சேர்ந்திருக்கும், அதனால் ஒரு கால் விட்டுப்போனாலும் சிலசமயம் ஓடும், சிலசமயம் ஓடாது. நான்கையும் சரி செய்துவிட்டு, எதிர்மூலையில் இருக்கும் இரண்டு கால்களில் மீட்டரை வைத்து அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் வந்தால் பட்டன் நல்லது. வராவிட்டால் வேறு பட்டன் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான்.

### ஒரு வரிசை முழுக்க செத்துக் கிடக்கிறது

7, 8, 9, வகுத்தல் என்று படுக்கையாகவோ, 7, 4, 1 என்று நெட்டாகவோ போயிருந்தால் பட்டன்களைத் தொடாதீர்கள். நான்கு பட்டன் ஒரே நேரத்தில் கெடாது. அந்த வரிசையின் ஒயர் ஐசிக்குப் போகும் வழியில் எங்கோ விட்டிருக்கிறது: ஐசியின் மடங்கிய கால், பேஸின் டிரை சால்டர், அறுந்த டிராக் (பலகையில் ஓடும் செப்புக் கோடு), ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். வரிசையில் முதல் இரண்டு பட்டன் ஓடி, மீதி இரண்டு ஓடவில்லை என்றால் இன்னும் சுலபம். ஓடும் கடைசிப் பட்டனுக்கும் ஓடாத முதல் பட்டனுக்கும் நடுவில் டிராக் அறுந்திருக்கிறது. வெட்டிய ரெசிஸ்டர் கால் ஒன்றை வளைத்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

### வேறு எண் வருகிறது, அல்லது இரண்டு எண் வருகிறது

7 அழுத்தினாலும் 8 அழுத்தினாலும் ஒரே எண், 4-க்கும் 5-க்கும் அதே கதை என்றால் இரண்டு நெட்டு வரிசையின் ஒயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. ஐசி பேஸின் பக்கத்துப் பக்கத்துக் கால்களில்தான் பெரும்பாலும் ஈயம் வழிந்திருக்கும். ஐசியைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் நொடியில் தெரியும்.

### எதையும் அழுத்தாமலே எண் ஓடுகிறது, அல்லது எந்தப் பட்டனையும் ஏற்கவில்லை

ஏதோ ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிறது. கிட்டை அக்ரிலிக் பெட்டியில் போட்டிருந்தால் முதலில் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். இறுக்கிய பெட்டி பட்டனின் தலையை அமுக்கிக்கொண்டு நிற்கும், தளர்த்தியதும் சரியானால் பெட்டியின் மேல் தகட்டுக்கடியில் மெல்லிய வாஷர் போட்டு உயர்த்துங்கள். அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் மாட்டினாலும் இதே தொந்தரவு வரும்.

பெட்டி இல்லாமலும் அப்படியே என்றால் ஐசியைக் கழற்றி, ஒவ்வொரு பட்டனின் எதிர்மூலைக் கால்களிலும் மீட்டர் வையுங்கள். அழுத்தாமலே பீப் வந்தால் குற்றவாளி அதுதான். பட்டனின் கால்கள் ஒரு திசையில் நெருக்கம், ஒரு திசையில் அகலம். ஒழுங்காக வைத்தால் அது தானாக உட்காரும். கால்களை வளைத்துக் கட்டாயப்படுத்திக் குறுக்காக வைத்தால் உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கால்கள் இரண்டு வரிசையையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடும்.

### மழைக்காலத்தில் மட்டும் பட்டன் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் இது கூட்டமாக வரும். பலகையில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பேஸ்ட் ஈரத்தை இழுத்து, ஒயருக்கு ஒயர் லேசாகக் கரண்டைக் கடத்துகிறது. மஞ்சள் பேஸ்ட் டப்பாவில் அயர்னை முக்கி முக்கி வேலை செய்தவர்களுக்குக் கண்டிப்பாக வரும். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டு ஈயப் பக்கத்தை மட்டும் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சப்ளை கொடுங்கள். மேல் பக்கத்தில் ஊற்றிவிடாதீர்கள். கரைந்த பேஸ்ட் பட்டனுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அதற்கு அப்புறம் அந்தப் பட்டனை மாற்றத்தான் வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் அசிட்டோன் அக்ரிலிக்கையும் எல்சிடியின் முகத்தையும் அரித்துவிடும்.

## கணக்கு தப்பாக வருகிறது

2 + 3 × 4 அடித்தால் 20 வருகிறது என்று புகார் சொல்வார்கள். கோளாறு இல்லை. சாதாரண மளிகைக்கடை கால்குலேட்டரும் அப்படித்தான். அழுத்த அழுத்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே போகும், பெருக்கலுக்கு முதலிடம் எல்லாம் தராது. 10 ÷ 3 × 3 அடித்து 10-க்குப் பதில் 9.999 வந்தாலும் அதே பதில்தான், இடம் தீர்ந்த இடத்தில் எண்ணை வெட்டிவிட்டது.

அடித்த எண்ணே திரையில் மாறியிருந்தால் அது பட்டன் கோளாறு, மேலே போங்கள். அடித்தது சரியாக இருந்து விடை மட்டும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் சப்ளையைச் சந்தேகப்படுங்கள்: தளர்ந்த செல், அல்லது ஐசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய 104 கெபாசிட்டர் விட்டுப்போயிருக்கிறது.

## ஓடிக்கொண்டே இருந்து அணைந்துவிடுகிறது

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரத்தில் அணைகிறதா? செல்லை மிச்சப்படுத்த ஐசியே அணைக்கிறது. கிட் தாளில் எழுதியிருக்கும். நேரம் மாறி மாறி, தட்டினால் அணைகிறது, அசைத்தால் எரிகிறது என்றால் லூஸ் கான்டாக்ட். மரக்குச்சியின் முனையால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஹோல்டரில் தொடங்கி. எதைத் தொடும்போது துடிக்கிறதோ அங்கே புதிதாகக் கொஞ்சம் ஈயமும் ஃபிளக்ஸும் கொடுத்தால் முடிந்தது.

## சூடாகிறது, வாசனை வருகிறது

சப்ளையை உடனே பிடுங்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். பட்டன் செல்லில் இருந்து பெரிய ஆபத்து வராது, அதனால் அவ்வளவு கரண்ட் கொடுக்க முடியாது. யுஎஸ்பி, அடாப்டர் என்றால்தான் பலகை கறுகும்.

சப்ளை இல்லாமல் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். விடாமல் பீப் அடித்தால் ஷார்ட். ஈயப் பாலம், வெட்டிய கால் துண்டு எங்காவது மாட்டியிருப்பது, இவைதான் முதல் சந்தேகம். பிறகு எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்: நீளக் கால் பிளஸ், உடம்பில் வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் மைனஸ். திருப்பி வைத்து மேல் பக்கம் உப்பியிருந்தால் திசையை மாற்றி அதையே பயன்படுத்தாதீர்கள், புதிதாக வாங்குங்கள். வரும் வோல்ட்டை 5-ஆகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் உள்ள பலகையில் அது கொஞ்சம் சூடாவது இயல்பு. கை வைக்க முடியாத அளவு என்றால் அதன் 5 வோல்ட் வெளியே வரும் பக்கத்தில் ஷார்ட் இருக்கிறது.

ரெகுலேட்டர் இல்லாத 5 வோல்ட் பலகையில் 9 வோல்ட் அடாப்டரைக் குத்தியிருந்தால், சரி, இப்போது ஐசியைச் சொல்லலாம். ஆனால் அதே எண் போட்ட ஐசியை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிவந்து செருகினால் ஓடாது. கடையில் கிடைப்பது காலி ஐசி. கிட்டில் வந்ததில் கால்குலேட்டர் புரோகிராம் ஏற்றியிருக்கும், அதை விற்றவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவர் தனியாகத் தர மாட்டேன் என்றால் புதுக் கிட் வாங்குவதுதான் மலிவு, பழையதில் இருக்கும் டிஸ்ப்ளேயும் பட்டனும் உதிரியாக உதவும்.

மற்ற பாகங்களுக்கு ரிச்சி தெருதான் வசதி. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள், முக்கியமாக டிஸ்ப்ளேக்கு. எண்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் காமன் ஆனோடு (பொதுக் கால் பிளஸ்), காமன் கேத்தோடு (பொதுக் கால் மைனஸ்) என்று இரண்டு உண்டு, மாறினால் எரியாது.

## எப்போது கடைக்காரரிடம் கொடுப்பது

16 கால் எல்சிடி, 12 கால் டிஸ்ப்ளே, 40 கால் பேஸ் ஆகியவற்றைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு காலாகப் பம்ப் வைத்து உறிஞ்சி, கடைசிக் காலில் பொறுமை இழந்து இழுப்பதில்தான் பேட் பெயர்கிறது. மொபைல் சர்வீஸ் கடையில் சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி இருக்கும், அவர்களுக்குச் சில நிமிட வேலை. ஏற்கெனவே பேட் பெயர்ந்து, டிராக் எங்கே போகிறது என்று தெரியாவிட்டாலும் அங்கேதான் போக வேண்டும். 230 வோல்ட்டில் நேராக ஓடும் அடாப்டரைத் திறந்து பார்க்கும் வேலையைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

கொடுக்கும் முன் கூலியைக் கேளுங்கள். புதுக் கிட் விலையில் பாதிக்கு மேல் போனால் யோசிக்க வேண்டியதுதான். எடுத்துப் போகும்போது கிட்டோடு வந்த சர்க்யூட் தாள், கழற்றிய பாகங்கள், பட்டன்களில் பெருக்கல் குறி போட்ட அந்தத் தாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கொடுங்கள். தாள் இல்லாமல் வரும் பலகையில் எந்த ரெசிஸ்டர் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்கே பாதி நேரம் போய்விடும், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்கள்.